மேட்டூர்ல தொறந்தாச்சு, கடைமடைக்கு வரலையே: 13,000 ஜர்னல் சந்தாவும் லைப்ரரி வழியா கட்டுரை எடுக்குற விதமும்

2024 நவம்பர் 25-ம் தேதி மத்திய அமைச்சரவை "ஒரே நாடு ஒரே சந்தா"ன்னு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துச்சு. 2025, 2026, 2027 மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகம், ஏறக்குறைய 13,000 ஜர்னல், 6,300-க்கு மேல கல்வி நிறுவனங்கள், கிட்டத்தட்ட 1.8 கோடி பேருக்கு பயன்னு செய்தி வந்துச்சு. 2025 ஜனவரி 1 லேந்து நடைமுறைக்கும் வந்துடுச்சு. ஆனா இன்னிக்கும் திருவாரூர்லயோ மன்னார்குடிலயோ ஒரு எம்.எஸ்சி. படிக்கிற புள்ள ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைய கிளிக் பண்ணுனா, 35 டாலர் கட்டு, பிடிஎஃப் தர்றேன்னு திரை நிக்குது. அப்ப அந்த 6,000 கோடி எங்கதான் போச்சுன்னு எல்லாருக்கும் சந்தேகம் வருது.

செய்தியும் பொய் இல்ல, அந்த 35 டாலரும் பொய் இல்ல. டெல்டாக்காரங்களுக்கு இத புரிய வைக்க ஒரே வரி போதும்: மேட்டூர்ல தண்ணி தொறந்தாச்சுங்கறதும் உங்க வயலுக்கு தண்ணி ஏறிடுச்சுங்கறதும் ஒண்ணு இல்ல. நடுவுல கல்லணை இருக்கு, ஆறு இருக்கு, வாய்க்கா இருக்கு, கடைசில உங்க மடை இருக்கு. கட்டுரை விஷயத்துல அந்த மடை உங்க காலேஜ் லைப்ரரி. அது எப்படி வேலை செய்யுது, அது வழியா எப்படி எடுக்குறது, மடையே இல்லாதவங்க என்ன பண்ணுறதுங்கறத அடிப்படைலேந்து பாப்போம்.

முதல்ல, ஜர்னல்னா என்ன, அதுக்கு ஏன் காசு

ஜர்னல்ங்கறது ஒரு துறை ஆளுங்க தங்களுக்குள்ள கண்டுபிடிச்சத சொல்லிக்கிற பத்திரிகை. கும்பகோணத்துல வளந்த ராமானுஜன் 1911-ல இந்தியன் மேதமேட்டிகல் சொசைட்டியோட ஜர்னல்லதான் பெர்னூலி எண்கள் பத்தின தன்னோட முதல் கட்டுரைய போட்டார், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு லெட்டர் எழுதுனதெல்லாம் அதுக்கு அப்புறம் 1913-ல. புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சா மொதல்ல வர்ற இடம் ஜர்னல், பாடப் புஸ்தகத்துக்கு அது வந்து சேர பல வருஷம் ஆகும். அதனாலதான் புராஜெக்ட்டு தீசிஸ்னு வந்தா கைடு "புஸ்தகம் போதாது, ஜர்னல் பாரு"ங்கறாங்க.

அடிக்கடி கண்ணுல படுற வார்த்தைங்க:

1. பியர் ரிவியூ: கட்டுரைய அச்சுல ஏத்துறதுக்கு முன்னாடி அதே துறைல உள்ள ரெண்டு மூணு பேர் படிச்சு ஓட்டை சொல்லணும், எழுதுனவர் திருத்தணும். களத்துல நெல்ல தூத்துற மாதிரி. எல்லா பதரும் போயிடும்னு சொல்ல முடியாது, ஆனா தூத்தாத நெல்லுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு.

2. வால்யூம், இஷ்யூ: வால்யூம்ங்கறது பெரும்பாலும் ஒரு வருஷத் தொகுப்பு (சில ஜர்னல்ல வருஷத்துக்கு பல வால்யூம் வரும்), இஷ்யூ அதுக்குள்ள ஒரு இதழ்.

3. ஐஎஸ்எஸ்என்: ஜர்னலுக்கு உள்ள 8 இலக்க நம்பர். இது ஜர்னலுக்கு, கட்டுரைக்கு இல்ல.

4. டிஓஐ: இதுதான் கட்டுரைக்கு உள்ள நம்பர், எப்பவும் 10-னு ஆரம்பிச்சு ஒரு புள்ளி வச்சு போகும். வெப்சைட்டு முகவரி மாறினாலும் இது மாறாது. கட்டுரைக்கு ஆதார் நம்பர்னு வச்சுக்கோங்க.

5. அப்ஸ்ட்ராக்ட்: கட்டுரையோட சுருக்கம். இது அனேகமா எல்லாருக்கும் ஃப்ரீயா தெரியும். நெறைய பேர் இத மட்டும் படிச்சுட்டு கட்டுரையவே படிச்ச மாதிரி ரெஃபரன்ஸ்ல போடுறாங்க, வைவால ஒரு கேள்விலயே மாட்டிக்குவாங்க.

இப்ப காசு விஷயம். எழுதுன விஞ்ஞானிக்கு ஜர்னல் சம்பளம் குடுக்குறது கிடையாது, ரிவியூ பண்ணுனவருக்கும் பொதுவா கிடையாது, ஆராய்ச்சிக்கு ஆன செலவு பெரும்பாலும் அரசாங்கப் பணம். ஆனா அச்சான கட்டுரைய பதிப்பகம் லைப்ரரிக்கு விக்கிது. நம்மளே உழுது நட்டு அறுத்து நம்ம ஆள வச்சே தூத்தி மூட்டைய சும்மா தூக்கிக் குடுத்துட்டு, மறுநாள் கடைல போய் அதே அரிசிய காசு குடுத்து வாங்குறதுதான் இந்த யாவாரம். பதிப்பகத்துக்கு செலவே இல்லன்னு சொல்லல, எடிட்டிங், சர்வர், பழைய இதழெல்லாம் பாதுகாக்குறது இருக்கு. ஆனா விலைக்கும் செலவுக்கும் உள்ள தூரம் பெருசுன்னுதான் உலகம் பூரா லைப்ரரிக்காரங்க ரொம்ப வருஷமா புலம்புறாங்க. அதுல நியாயம் இருக்குங்கறதுதான் என் கருத்தும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. 6,000 கோடிய 1.8 கோடி பேருக்கு பிரிச்சா ஆளுக்கு 3,333 ரூபா, அதுவும் மூணு வருஷத்துக்கு. தனியாளா ஒரே ஒரு கட்டுரைய 35 டாலருக்கு வாங்குனா ஏறக்குறைய 3,000 ரூபா போயிடும். ஒத்தைக் கட்டுரை விலைக்கு மூணு வருஷ பங்குங்கறப்ப, லைப்ரரி வழியா போகாம கார்டு போட்டு வாங்குறது எவ்வளவு அநியாயம்னு தெரியுதுல்ல.

காசு கட்டியும் ஏன் பூட்டு தெரியுது

பதிப்பகத்தோட வெப்சைட்டுக்கு உங்க முகம் தெரியாது. யார் உள்ள வர்றான்னு அது ரெண்டே வழில கண்டுபிடிக்கும்.

ஒண்ணு, ஐ.பி. முகவரி. காலேஜ் நெட்டுக்குன்னு ஒரு நம்பர் வரிசை இருக்கும், அத பதிப்பகத்துக்கிட்ட முன்கூட்டியே பதிஞ்சு வச்சிருப்பாங்க. நீங்க காலேஜ் லேப்ல உக்காந்து கிளிக் பண்ணுனா "இது சந்தா உள்ள எடம்"னு கதவு தானா தொறக்கும், பாஸ்வேர்டுகூட கேக்காது. அதே கட்டுரைய வீட்டுல மொபைல் டேட்டால கிளிக் பண்ணுனா நீங்க யாரோ ஒரு வழிப்போக்கர், அதான் 35 டாலர்.

ரெண்டு, லாகின். வெளிலேந்து படிக்கிறதுக்கு காந்திநகர்ல உள்ள இன்ஃப்ளிப்நெட்ங்கற, பல்கலைக்கழக லைப்ரரிங்கள இணைக்கிற அரசு மையம் நடத்துற இன்ஃபெட்னு ஒரு ஏற்பாடு இருக்கு. உங்க நிறுவனம் அதுல சேந்து உங்களுக்கு ஐடி குடுத்திருந்தா, பதிப்பகப் பக்கத்துல "நிறுவனம் வழியா உள்ள போ"ன்னு அர்த்தம் வர்ற பட்டன அமுக்கி, லிஸ்ட்ல காலேஜ் பேர தேடி, அந்த ஐடி போட்டு உள்ள போயிடலாம். ஒரே சந்தா திட்டத்த ஒருங்கிணைக்கிறதும் இதே இன்ஃப்ளிப்நெட்தான்.

ஆக சிக்கல் பெரும்பாலும் டெல்லில இல்ல, மடைல இருக்கு. காலேஜ் பதிவு பண்ணிருக்கான்னு பாக்கணும், பண்ணிருந்தா ஐ.பி. வரிசை சரியா குடுத்தாங்களா, நெட் கம்பெனிய மாத்துனப்ப புது நம்பர அப்டேட் பண்ணுனாங்களான்னு பாக்கணும், ஹாஸ்டல் வைஃபை அந்த வரிசைல வருதா, புள்ளைங்களுக்கு ஐடி போட்டாங்களான்னு பாக்கணும். இதுல ஒண்ணு விட்டுப்போனாலும் தண்ணி அந்த எடத்தோட நின்னுடும். லேப்ல தொறக்குது ஹாஸ்டல்ல தொறக்கலன்னா ஐ.பி. பிரச்சினை, எங்கயுமே தொறக்கலன்னா பதிவுப் பிரச்சினை இல்லாட்டி அந்த ஜர்னலே 13,000-ல இல்ல. இந்த ஒரு சோதனைய பண்ணிட்டு லைப்ரரியன்கிட்ட போனீங்கன்னா அவருக்கு பாதி வேலை மிச்சம்.

தேடுறது வேற, எடுக்குறது வேற

நெறைய பேர் குழம்புறது இங்கதான், ஏன்னா கூகுள்ல தேடி தேடி நமக்கு ரெண்டும் ஒரே கிளிக்ல நடந்து பழகிடுச்சு. ஆராய்ச்சி உலகத்துல அது ரெண்டு தனி வேலை.

தேடுற எடம்னா அட்டவணை, அதாவது எந்த ஜர்னல்ல யார் எத எழுதுனாங்கன்னு சொல்ற பட்டியல். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், மருத்துவத்துக்கு பப்மெட், பொதுவா கூகுள் ஸ்காலர். இதெல்லாம் கட்டுரை எங்க இருக்குன்னு சொல்லும், முழுக் கட்டுரை உள்ள இருக்கணும்னு அவசியம் இல்ல. "ஸ்கோபஸ்ல டவுன்லோட் ஆகல"ன்னு புலம்புறது டெலிபோன் டைரக்டரில ஆள் பேசலன்னு புலம்புறதுக்கு சமம்.

எடுக்குற எடம்னா பதிப்பகத்தோட தளம், இல்ல ஜேஸ்டோர் மாதிரி சேமிப்புத் தளம், இல்ல பல்கலைக்கழகத்தோட சேமிப்பகம். இங்க முழு பிடிஎஃப் இருக்கும், பூட்டோடயோ பூட்டு இல்லாமயோ.

இதுல ஒரு பொதுவான தப்பு என்னன்னா பதிப்பகத்தோட தளத்துலயே தேட ஆரம்பிக்கிறது. அங்க அந்தக் கம்பெனி சரக்கு மட்டும்தான் வரும், அடுத்த கடைல நல்லது இருந்தா காட்டவே காட்டாது. அட்டவணைல தேடி, கட்டுரை எதுன்னு முடிவு பண்ணி, அப்புறம் சாவிய தேடுங்க.

கூகுள் ஸ்காலர் செட்டிங்ஸ்ல "லைப்ரரி லிங்க்ஸ்"னு ஒண்ணு இருக்கு, அதுல உங்க பல்கலைக்கழகம் பேர தட்டிப் பாருங்க. பேர் வந்து டிக் பண்ணிட்டீங்கன்னா, தேடும்போது உங்க லைப்ரரில கிடைக்கிற கட்டுரைக்கு பக்கத்துலயே லிங்க் வந்து நிக்கும். பேர் வரலன்னா உங்க லைப்ரரி இன்னும் அத செட் பண்ணலன்னு அர்த்தம், கேட்டு செய்ய வைக்கலாம்.

ஒரு உதாரணம்: சம்பா தண்ணில முங்கிடுச்சு

ஐப்பசி கார்த்திகைல மழை கொட்டி நட்ட சம்பா பத்து நாள் முங்கிக் கெடந்தா என்ன ரகம் தாங்கும்னு ஒரு கேள்வி, புராஜெக்ட் தலைப்பு. இத அப்படியே "காவிரி டெல்டால வெள்ளத்துல நெல் சாகாம இருக்க என்ன பண்ணலாம்"னு நீட்டி முழக்கி இங்கிலீஷ்ல தட்டுனா குப்பைதான் வரும். கேள்விய துண்டு துண்டா உடைக்கணும்.

1. பயிர்: ரைஸ், அதோட அறிவியல் பேர் ஒரைசா சட்டைவா.

2. நடந்தது: வெள்ளத்துக்கு பொதுவா ஃப்ளட்டுன்னு போடுவோம், ஆனா பயிர் விஞ்ஞானிங்க முழுசா முங்குறத "சப்மெர்ஜன்ஸ்"ங்கறாங்க, வேர்ல மட்டும் தண்ணி கட்டி நிக்கிறத "வாட்டர்லாகிங்"ங்கறாங்க. நமக்கு ரெண்டும் "தண்ணி நிக்கிது"தான், ஆனா அட்டவணைல ரெண்டும் வேற வேற அலமாரி.

3. எடம்: இதுதான் பெரிய கூத்து, கீழ சொல்றேன்.

சப்மெர்ஜன்ஸ் டாலரன்ஸ்ங்கற ரெண்டு வார்த்தைய மேற்கோள் குறிக்குள்ள போட்டு, பக்கத்துல ரைஸ்னு போட்டு தேடுனா, 2006-ல நேச்சர் ஜர்னல் 442-ம் வால்யூம், 705 லேந்து 708 வரைக்கும் உள்ள பக்கத்துல வந்த ஒரு கட்டுரை சீக்கிரமே கண்ணுல படும். சப்-1ஏ-ங்கற ஜீன்தான் நெல்ல தண்ணிக்குள்ள தாக்குப்பிடிக்க வைக்குதுன்னு சொன்ன கட்டுரை அது. அந்த ஜீன் வந்த வழி ஒடிசாவோட நாட்டு ரகத்துலேந்து எடுத்த எஃப்.ஆர்.13ஏ-ங்கற நெல் ரகம். சாதா பயிர் முங்கினா மேல வர்றதுக்கு எட்டி எட்டி வளந்து சத்து தீந்து செத்துடும், இந்த ஜீன் உள்ளது வளராம அடக்கி வாசிச்சு, ரெண்டு வாரம் போல உயிர புடிச்சு வச்சிருக்கும். டெல்டால சி.ஆர். 1009 சப்-1-னு விதை கேட்டு வாங்குறாங்கள்ல, அந்த "சப்-1" இதுதான்.

இப்ப அந்த ஒரு கட்டுரைய வச்சே ரெண்டு பக்கமும் நடக்கலாம். பின்னால நடக்கணும்னா கட்டுரையோட கடைசில உள்ள ரெஃபரன்ஸ் லிஸ்ட், அதுக்கு முன்னாடி யார் என்ன சொன்னாங்கன்னு தெரியும். முன்னால நடக்கணும்னா கூகுள் ஸ்காலர்ல அந்தக் கட்டுரைக்கு கீழ உள்ள "சைட்டட் பை"ங்கறத அமுக்கணும், 2006-க்கு அப்புறம் இத எடுத்துக்காட்டுனவங்க எல்லாரும் வரிசையா வருவாங்க. ஆயிரக்கணக்குல வரும், பயப்படாதீங்க, அந்த லிஸ்டுக்குள்ளயே தேடுறதுக்கு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, அத டிக் பண்ணிட்டு தமிழ்நாடுன்னு போட்டா நம்ம ஊர் வேலை மட்டும் வடிகட்டி வரும். புதுசு புதுசா வார்த்தை யோசிச்சு தேடுறதவிட ஒரு நல்ல கட்டுரைய புடிச்சு இப்படி முன்ன பின்ன நடக்குறதுதான் வேகமான வழி.

நம்ம ஊர் பேர்ல உள்ள பொறி

காவிரிய கே ஏ வி இ ஆர் ஐ-ன்னு எழுதுறவங்க இருக்காங்க, சி ஏ யூ வி இ ஆர் ஒய்-ன்னு எழுதுறவங்க அதவிட அதிகம். ஒண்ண மட்டும் தேடுனா மத்தவங்க எழுதுனது அவ்வளவும் போச்சு. அது மட்டுமா, தஞ்சாவூர் பழைய கட்டுரைல டாஞ்சூர், நாகப்பட்டினம் நெகபட்டம், மயிலாடுதுறை மாயவரம் அல்லது மாயூரம், தரங்கம்பாடி ட்ராங்குபார், கோடிக்கரை பாயிண்ட் கேலிமியர், கொள்ளிடம் கொலரூன், திருச்சி ட்ரிச்சினாபோலி. வெள்ளைக்காரன் வாய்க்கு வந்த பேர்லதான் நூறு வருஷ ஆராய்ச்சி பதிஞ்சு கெடக்கு. வரலாறு படிக்கிறவங்க பழைய பேர போடாம தேடுனா பாதிச் சரக்கு கண்ணுலயே படாது. தீர்வு சிம்பிள், ரெண்டு ஸ்பெல்லிங்குக்கும் நடுவுல பெரிய எழுத்துல ஓ ஆர்-னு போடுங்க, ரெண்டுல எது இருந்தாலும் வரும்.

பேரவிட மோசமான பொறி மாவட்டம். நாகப்பட்டினம் தஞ்சாவூர் மாவட்டத்துலேந்து பிரிஞ்சது 1991, திருவாரூர் தனி மாவட்டம் ஆனது 1997, மயிலாடுதுறை 2020. அதனால 1985-ல ஒருத்தர் வேதாரண்யம் உப்புத் தண்ணி பத்தி எழுதியிருந்தா அது "தஞ்சாவூர் டிஸ்ட்ரிக்ட்"னுதான் இருக்கும். மயிலாடுதுறை டிஸ்ட்ரிக்ட்னு தேடி, "இந்த மாவட்டத்த பத்தி ஆராய்ச்சியே நடக்கல"ன்னு தீசிஸ் முன்னுரைல எழுதுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ யோசிங்க.

பருவத்துக்கும் இதே கதை. குறுவை, சம்பா, தாளடின்னு நாம சொல்றத சில கட்டுரை அப்படியே இங்கிலீஷ் எழுத்துல போடும், சிலது கரீஃப், ராபின்னு வடக்கத்தி கணக்குல போடும். ரெண்டையும் தேடணும்.

பூட்டு வந்தா எந்த வரிசைல முயற்சி பண்ணுறது

1. மொதல்ல காலேஜ் நெட்டுல தொறந்து பாருங்க. இல்லன்னா இன்ஃபெட் லாகின்.

2. கூகுள் ஸ்காலர்ல அந்தக் கட்டுரைக்கு கீழ "ஆல் வெர்ஷன்ஸ்"னு இருக்கும், அமுக்குங்க. பதிப்பகத்துல பூட்டு இருந்தாலும் எழுதுனவரோட பல்கலைக்கழக சேமிப்பகத்துல அதே கட்டுரையோட கையெழுத்துப் பிரதி ஃப்ரீயா கெடக்கும். இதுல மூணு தினுசு உண்டு: ரிவியூவுக்கு முன்னாடி உள்ள ப்ரீபிரிண்ட், ரிவியூ முடிஞ்சு பதிப்பகம் அலங்காரம் பண்ணாத பிரதி, கடைசியா அச்சான பிரதி. நடுவுல உள்ளது விஷயத்துல அச்சுப் பிரதிக்கு சமம், பக்க நம்பர்தான் இருக்காது. ப்ரீபிரிண்ட்ட மட்டும் ஜாக்கிரதையா கையாளணும், ரிவியூல அடிச்சுத் திருத்துன தப்பு அதுல அப்படியே இருக்கலாம்.

3. அன்பேவால்னு பிரவுசர்ல போடுற ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் இருக்கு. சட்டப்படி ஃப்ரீயா உள்ள பிரதி எங்கயாவது இருந்தா பச்சைப் பூட்டு காட்டும். டெல்டால வேளாண்மை, சுற்றுச்சூழல் படிக்கிற எல்லாரும் போட்டுக்க வேண்டியது.

4. தீசிஸ் வேணும்னா ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களோட பிஎச்.டி. தீசிஸ்ங்க அத்தியாயம் அத்தியாயமா ஃப்ரீயா இருக்கு. வேளாண் தீசிஸ்ங்களுக்கு கிருஷிகோஷ். ஒரு கட்டுரை கிடைக்கலன்னா அத எழுதுனவரோட தீசிஸ்ல அதே டேட்டா இன்னும் விரிவா இருக்கும்ங்கறது நெறைய பேருக்கு தோணாத விஷயம்.

5. ஜேஸ்டோர்ல தனியாளா ஃப்ரீ அக்கவுண்ட் போட்டா மாசத்துக்கு 100 கட்டுரை வரைக்கும் ஆன்லைன்லயே படிக்கலாம். டவுன்லோட் பண்ண முடியாது, ஆனா படிக்கலாம்ல. வரலாறு, சமூகவியல், இலக்கியத்துக்கு இது பெரிய புதையல்.

6. டாக்குமெண்ட் டெலிவரி. அதாவது உங்க லைப்ரரில இல்லாத கட்டுரைய இன்னொரு லைப்ரரிலேந்து உங்க லைப்ரரியன் வாங்கித் தர்றது. டெல்நெட்ங்கற லைப்ரரி வலையமைப்புல மெம்பரா உள்ள லைப்ரரிங்க இப்படி ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்குவாங்க, வேளாண் நிறுவனங்களுக்குன்னு செரா-ன்னு ஒரு கூட்டமைப்பு இருக்கு. மாணவரா நீங்க நேரா கேக்க முடியாது, லைப்ரரியன்தான் கேக்கணும்.

7. எழுதுனவருக்கே மெயில். ரெண்டு வரி போதும், கட்டுரைத் தலைப்பு, நீங்க எங்க என்ன படிக்கிறீங்க, ஒரு பிரதி வேணும். ஜர்னல்ல அவர் மெயில் ஐடி அச்சுல இருக்கும். தன் கட்டுரைய ஒருத்தர் படிக்கணும்னு கேக்குறத பாத்து சந்தோஷப்படாத ஆராய்ச்சியாளர் கம்மி, பல பேர் அனுப்பிடுவாங்க.

திருட்டுத்தனமா பூட்ட ஒடைக்கிற தளங்கள பத்தி கேப்பீங்க. அது மேல பெரிய பதிப்பகங்க 2020-ல டெல்லி உயர் நீதிமன்றத்துல வழக்கு போட்டாங்க. விலைய பத்தி எனக்கு உள்ள கோவம் வேற, சட்டம் வேற. மேல உள்ள ஏழு வழியயும் ஒழுங்கா பாத்தா அந்தப் பக்கம் போற தேவை ரொம்பக் கொறஞ்சுடும்.

மடை இல்லாதவங்க

ஒரே சந்தா திட்டம் மத்திய, மாநில அரசு நடத்துற உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசோட ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும். டெல்டால திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், சிதம்பரம் அண்ணாமலை, கும்பகோணம், மன்னார்குடில உள்ள அரசுக் கல்லூரிங்கன்னு அரசு வகைல நெறையவே இருக்கு. ஆனா டெல்டாப் புள்ளைங்க பெரிய கூட்டமா படிக்கிறது தனியார் கல்லூரிலயும்தான். அவங்க இந்த வாய்க்காலோட பாசனத்துல வரல. சந்தா "ஒரே நாடு"ங்கற பேர்ல இருக்கு, நாட்டுல பாதி வகுப்பறை வெளில நிக்கிது, இந்தத் திட்டத்துல எனக்கு உள்ள பெரிய குறை இதுதான். அரசு உதவி பெறும் கல்லூரின்னா ஊகம் பண்ணாதீங்க, திட்டத்தோட தளத்துல உள்ள நிறுவனப் பட்டியல்ல பேர் இருக்கான்னு பாத்துடுங்க.

பட்டியல்ல இல்லாத கல்லூரிங்களுக்கு என்-லிஸ்ட்னு இன்ஃப்ளிப்நெட் நடத்துற இன்னொரு ஏற்பாடு இருக்கு. கல்லூரி மெம்பர் ஆகணும், ஆனா ஆளாளுக்கு தனி ஐடி, பாஸ்வேர்டு கிடைக்கும், வீட்டுலேந்தே தொறக்கலாம். சோகம் என்னன்னா கல்லூரி மெம்பரா இருந்தும் புள்ளைங்களுக்கு அது இருக்குறதே தெரியாம மூணு வருஷம் ஓடிடுது. போய் பேர வச்சு கேளுங்க: "சார், நம்ம காலேஜ் என்-லிஸ்ட்ல இருக்கா, எனக்கு ஐடி போட்டுத் தருவீங்களா."

எந்தக் கல்லூரியும் இல்லாத ஆளுங்க, விவசாயி, பள்ளிக்கூட வாத்தியார், ஊர் வரலாறு எழுதுறவரு, இவங்களுக்கு மாவட்ட மைய நூலகத்துல இந்த மாதிரி ஜர்னல் சந்தா எதிர்பாக்க முடியாது. பக்கத்துல உள்ள பல்கலைக்கழக லைப்ரரிக்கு ஒரு லெட்டரோட போய் உள்ள உக்காந்து படிக்க அனுமதி கேக்கலாம். சில சந்தா ஒப்பந்தத்துல நேர்ல வர்ற வாசகருக்கு இடம் உண்டு, சிலதுல கிடையாது, கேட்டாத்தான் தெரியும். அது முடியலன்னா மேல சொன்ன ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஏழு எல்லாம் காலேஜ் இல்லாமலே நடக்கும்.

தமிழ்ல எழுதுன ஆராய்ச்சி

இத ஸ்கோபஸ்ல தேடுறது வெட்டி வேலை. கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911-ல ஆரம்பிச்சது, அதோட தமிழ்ப்பொழில் இதழ் 1925 லேந்து வருது. கல்வெட்டு, இலக்கணம், ஊர் வரலாறுன்னு அதுல வந்த சங்கதி வெளிநாட்டு அட்டவணைக்கு தெரியவே தெரியாது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்கும் சொந்தமா ஒரு ஜர்னல் உண்டு. இதுக்கெல்லாம் ரெண்டு வழிதான்: தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல இதழ் பேர போட்டு ஸ்கேன் பண்ணுன பிரதிய பாக்குறது, இல்ல நேர்ல போய் பைண்டு பண்ணுன வால்யூம பெரட்டுறது. பெரட்டும்போது ஒவ்வொரு ஆண்டுத் தொகுப்புலயும் பொருளடக்கத்த மட்டும் போன்ல படம் புடிச்சுகிட்டா அதுவே உங்களோட சொந்த அட்டவணை.

பதர் எது

"மூணு நாள்ல பப்ளிஷ், ரெண்டாயிரம் கட்டுங்க"ன்னு வாட்ஸ்அப்ல வர்ற போலி ஜர்னல் விளம்பரம் எல்லாருக்கும் தெரியும். மூணு நாள்ல பியர் ரிவியூ நடக்காது, அவ்வளவுதான் விஷயம். இதுல ரெண்டு செய்தி மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. நல்ல ஜர்னல் பட்டியலா இருந்த யுஜிசி-கேர் லிஸ்ட்ட யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 பிப்ரவரில நிறுத்திட்டதா அறிவிச்சுடுச்சு, இனி எந்த ஜர்னல் நல்லதுன்னு நிறுவனமே அளவுகோல் வச்சு பாத்துக்கணும். ஆக இன்னும் "யுஜிசி கேர் லிஸ்டட்"னு விளம்பரம் வந்தா அதுவே எச்சரிக்கை. ரெண்டாவது, 2022-ல வந்த யுஜிசி பிஎச்.டி. விதிமுறைல தீசிஸ் குடுக்குறதுக்கு முன்னாடி கட்டுரை போட்டே ஆகணும்ங்கற பொதுக் கட்டாயம் எடுபட்டுடுச்சு. உங்க பல்கலைக்கழகம் தனியா வச்சிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் காசு கட்ட ஓடுங்க.

புதுசா முளைச்ச பதர், ஏஐ குடுக்குற ரெஃபரன்ஸ். தலைப்பு அழகா இருக்கும், ஜர்னல் நெஜமா இருக்கும், வால்யூம் நம்பர்கூட பொருந்தும், கட்டுரை மட்டும் உலகத்துலயே இருக்காது. லைப்ரரியன அரை நாள் தேட விட்டு கடைசில அசிங்கப்படுறதுக்கு பதிலா, டிஓஐ-ய தட்டிப் பாருங்க. வேற கட்டுரை தொறந்தா, இல்ல எதுவுமே தொறக்கலன்னா, முடிஞ்சுது கதை.

லைப்ரரியன்கிட்ட என்ன கேக்குறது

ஆத்துல தண்ணி வந்தாலும் எந்த ஷட்டர எப்ப தூக்கணும்னு தெரிஞ்சவரு லஸ்கர்தான். கட்டுரைக்கு லஸ்கர் உங்க லைப்ரரியன். இந்திய நூலக இயலுக்கே தந்தைன்னு சொல்ற எஸ்.ஆர். ரங்கநாதன் நம்ம சீர்காழில 1892-ல பொறந்தவரு, 1931-ல அவர் எழுதி வச்ச அஞ்சு விதில நாலாவது, வாசகரோட நேரத்த மிச்சப்படுத்துங்கறது. அதனால லைப்ரரியன்கிட்ட கேக்குறது தொந்தரவு இல்ல, அது அவங்க வேலைலயே ஒரு பகுதி. ஆனா "சார் நெல்லு பத்தி ஜர்னல் வேணும்"னு போய் நிக்காதீங்க. ஒரு சீட்டுல இத எழுதிட்டு போங்க:

1. எழுதுனவர் பேர், கட்டுரைத் தலைப்பு, ஜர்னல் பேர், வருஷம், வால்யூம், பக்கம்.

2. டிஓஐ. இது இருந்தா மேல உள்ளதுல ஒண்ணு ரெண்டு தப்பா இருந்தாலும் பரவால்ல.

3. எங்கெங்க முயற்சி பண்ணுனீங்க, லேப்லயா, ஹாஸ்டல்லயா, என்ன மெசேஜ் வந்துச்சு, முடிஞ்சா ஸ்கிரீன்ஷாட்.

4. எந்தத் தேதிக்குள்ள வேணும்.

5. உங்க மெயில் ஐடி. வெளி லைப்ரரிலேந்து வரவேண்டிய பிடிஎஃப் அன்னிக்கே வராது, சில நாள் கழிச்சு வந்து சேரும்போது அது யாருக்குன்னு அவருக்கு தெரியணும்ல.